டிஸ்க்கில் வைத்த சந்தனப் பொட்டு

மேடையில் நான் அதிகம் தோற்றவள் அல்லள். இதைத் தற்பெருமை என்று கொள்வோர் கொள்ளட்டும். ஆரம்பப் பள்ளியில் பேச்சுப் போட்டி, இடைநிலைப் பள்ளியில் விவாதம், இப்போது கல்லூரி அணியில் நிறைவுரை என்று வளர்ந்த எனக்கு, எதிரணி பேசத் தொடங்கியதுமே அந்த வாதத்தின் ஓட்டை கண்ணில் பட்டுவிடும். அந்தப் பயிற்சியை வீட்டில் பயன்படுத்தி நான் பெற்ற ஒரே பெரிய வெற்றி, மலைச் சைக்கிள் பயணத்துக்கு அம்மாவிடம் வாங்கிய அனுமதி.

ரெம்பியாவுக்கு அப்பால், செம்பனைத் தோட்டங்களின் ஊடே குன்றேறி இறங்கும் மண்பாதையில் ஒரு நாள் பயணம். பெண்கள் மட்டுமே போகும் குழு. அதை நடத்துபவர் மெர்லிமாவில் எங்கள் தாமானிலேயே, அதாவது அதே வீட்டுக் குடியிருப்பிலேயே, வசிக்கும் ஓர் அக்கா. சுங்கை ஊடாங்கில் ஓர் ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை அவருக்கு. அவருடைய பழைய சைக்கிளில் பழகித் தேறிய பிறகே நான் புதிதாக ஒன்று வாங்கினேன். குன்று, வழுக்கல், பாம்பு, ஊர் வாய் என்று அம்மா எடுத்து வைத்த ஒவ்வொரு மறுப்பையும் நான் நாள்தோறும் சோற்றுத் தட்டின் முன் முறியடித்தேன். கடைசியில் அம்மா தட்டை வழித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“பேசி முடிச்சிட்டியா? சரி, போயிட்டு வா. ஆனா வண்டிக்குப் பூஜை போடணும். போடற வரைக்கும் அதுல ஏறி உட்காரக் கூடாது.”

பயணத்துக்கு முந்தைய நாள் மாலை, புது சைக்கிளை ஒரு முறைகூட ஓட்டாமல், கோயில் வரை தள்ளிக்கொண்டே போனோம். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அம்மா அதைத் துடைத்துப் பளபளக்க வைத்திருந்தார். குருக்கள் பிள்ளையார் முன்னால் கற்பூரம் காட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பழங்களை நசுக்கிக்கொண்டு சைக்கிள் முன்னால் உருண்டபோது, வெற்றி ஊர்வலம் புறப்பட்டதாகவே எனக்குத் தோன்றியது.

கோயிலிலிருந்து பெரிய சாலைக்கு இறங்கும் வழி ஒரு சிறிய சரிவு. பூஜைத் தட்டோடு அம்மா பின்னால் நடந்து வர, நான் ஏறி மிதித்தேன். சாலையில் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வருவது தெரிந்தது. பிரேக்கைப் பிடித்தேன். பிரேக் பிடி உறுதியாகத்தான் இருந்தது, சக்கரம்தான் நிற்கவில்லை. இரண்டு கைகளாலும் இறுக்கினேன். சக்கரங்கள் கிறீச்சென்று கத்தினவே தவிர வேகம் குறையவில்லை. வேறு வழியின்றிக் கைப்பிடியை ஒரேயடியாகத் திருப்பி, ஓரத்தில் இருந்த செம்பருத்தி வேலிக்குள் பாய்ந்தேன். லாரி தன் வழியில் கடந்து போனது. முழங்கையில் சிராய்ப்பு, தலைமுடியில் இலைகள். வேறொன்றும் இல்லை.

அம்மா ஓடி வந்தார். தட்டிலிருந்த தேங்காய் மூடி உருண்டு சாக்கடையில் விழுந்திருந்தது.

“போதும்டி! பிள்ளையாரே வேணாங்கிறாரு. நாளைக்கு நீ எங்கேயும் போவல.”

“அம்மா, இது இயந்திரக் கோளாறு. தெய்வக் குற்றம் இல்ல.”

“பூஜை போட்டு வெளிய வந்ததும் கோளாறா? உன் பேச்செல்லாம் மேடையோட வச்சுக்க!”

எந்த நடுவரும் என் வாதத்தை இவ்வளவு விரைவாகத் தள்ளுபடி செய்ததில்லை. சகுனத்துக்கு எதிராக வாதம் எடுபடாது, சான்று வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அக்காவை அழைத்தேன். அவர் வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து, எங்கள் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். சக்கரத்தின் நடுவே சுழலும் வட்டத் தகட்டை, அதாவது டிஸ்க்கை, விரலால் தடவி முகர்ந்து பார்த்தார்.

“யாரும்மா இதுல தோசை சுட்டது? நல்லெண்ணெய் வாசம் தூக்குதுலா!”

நான் அம்மாவைப் பார்த்தேன்.

“நான்தான் துடைச்சேன்,” என்றார் அம்மா மெல்ல. “ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப ஆயுத பூஜைக்குப் பால்வெட்டுக் கத்திய எண்ணெய் போட்டுத் துடைச்சுத்தானே பொட்டு வைப்போம்? இதுவும் இரும்புதானே. துருப் பிடிக்கக் கூடாதுன்னு...”

“கத்திக்குச் சரிம்மா. இந்தத் தகட்டை ரெண்டு பக்கமும் பிரேக் பேட் கவ்வித்தான் வண்டி நிக்கும். எண்ணெய் பட்டா வழுக்கும்லா. பேடும் எண்ணெயக் குடிச்சிருக்கும்.”

என் நிறைவுரை அந்தக் கணமே நாக்கு நுனியில் தயாராக நின்றது. நடுவர் அவர்களே, பிள்ளையார் குற்றமற்றவர். தடை சொன்ன எதிரணியே தடைக்குக் காரணம்! இவ்வளவு முழுமையான வெற்றி எனக்கு எந்த அரங்கிலும் வாய்த்ததில்லை. ஆனால் அம்மா தம் வலது கையை விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி கடந்து போன சத்தம் அப்போதுதான் அவர் காதில் விழுந்தது போல முகம் வெளுத்திருந்தது. நான் நிறைவுரையை விழுங்கிவிட்டு, பழந்துணி எடுத்துவர உள்ளே போனேன்.

அக்கா டிஸ்க்குகளை ஸ்பிரிட்டால் துடைத்தார். துணியில் எண்ணெயோடு சந்தனமும் மஞ்சளாக வந்தது. பயணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த புது பேடுகளை இரு சக்கரங்களிலும் மாட்டினார். “இப்பவே கடிக்காது. ஓட்டி ஓட்டிப் பிடி, அப்பதான் பழகும்,” என்றார். தாமான் தெருவில் மேலும் கீழுமாக ஓட்டி ஓட்டிப் பிரேக்கைப் பிடித்தேன். முதலில் தயங்கிய சக்கரம் மெல்ல மெல்லப் பணிந்தது. பிறகு, பிரேக்கில் விரல் பட்டதும் நின்றது.

“ஓகேலா, நாளைக்குப் போலாம்,” என்றார் அக்கா.

“நான் இன்னும் சொல்லல,” என்றார் அம்மா.

கேட்டைத் திறந்துகொண்டு தெருவின் நடுவில் போய் நின்று, இடுப்பில் கை வைத்தார். “அங்கேருந்து வேகமா வா. என் முன்னாடி நிறுத்து, பாப்போம்.”

“யம்மா, தள்ளி நில்லுங்கம்மா!” என்றேன்.

“நீ நிறுத்துவேன்னா நான் ஏன் தள்ளி நிக்கணும்?”

அந்த வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. தெருக்கோடிக்குப் போய்த் திரும்பினேன். மிதித்தேன். அம்மா அசையவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. பிரேக்கைப் பிடித்தேன். சத்தமே இல்லாமல், அவர் சேலைக்கு ஒரு கை தூரத்தில் சைக்கிள் நின்றது. திகைத்துப்போய் நின்ற அக்காதான் முதலில் சிரித்தார்.

“பாத்தியா?” என்றார் அம்மா, என் முடியில் இன்னும் ஒட்டியிருந்த ஓர் இலையை எடுத்தபடி. “பூஜை போட்டதால்தான் இங்கேயே காட்டிக் குடுத்துச்சு. இல்லன்னா குன்று மேலேல்ல காட்டியிருக்கும்?”

எண்ணெயே பூஜைக்காகப் போட்டதுதானே என்ற மறுப்பு, கேள்வியாகவே எனக்குள் எழுந்தது. எழுந்த வேகத்தில் அதை அமர வைத்தேன். குன்று எனக்குக் கிடைத்துவிட்டது. அம்மாவின் முகத்தில் இரத்தமும் திரும்பிவிட்டது. இதற்கு மேல் வெல்ல அந்த மாலையில் எதுவும் இல்லை.

விடிந்ததும் அக்காவின் காரில் சைக்கிளை ஏற்றினோம். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, ஒரு விரலில் தொட்டுக்கொண்டு சைக்கிளைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு பாகமாகக் காட்டி அக்காவிடம் கேட்டார்.

“இங்க வைக்கலாமா?”

“வேணாம்மா.”

“இங்க?”

“அங்கேயும் வேணாம்மா.”

அம்மா சற்று யோசித்துவிட்டு, அந்தச் சந்தனத்தை என் நெற்றியில் வைத்தார்.