சித்தி மகள் பார்த்த படகு

சித்தி மகள் கடல் பார்க்க ஆசைப்பட்டாள் என்பதற்காக ஒரு வேனையே வாடகைக்குப் பிடித்தார்கள். நான் கேட்டிருந்தால் போளூருக்குக்கூடப் பஸ் ஏற்றியிருக்க மாட்டார்கள். எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஏழு. ஜமுனாமரத்தூரில் எங்கள் வீடும் சித்தி வீடும் அடுத்தடுத்து. சாமை அறுப்பைப் பாதியில் போட்டுவிட்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு, இரண்டு குடும்பமும் மலையிறங்கி மாமல்லபுரம் போனோம்.

கொஞ்ச நாளாகவே அவள் வைத்ததுதான் சட்டம். பொழுது சாய்ந்தால் வாசற்படியில் தடுக்கி விழுவாள். உடனே இரண்டு வீடும் ஓடிவரும். நான் புளியமரத்திலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்து வந்தபோது எனக்குக் கிடைத்தது திட்டுதான்.

கலங்கரை விளக்கம் ஒரு பாறைக்குன்றின் மேல் நின்றது. வெள்ளைக்காரன் காலத்துக் கல் கோபுரம். அதற்கும் முன்பு பக்கத்துப் பாறை உச்சியிலிருக்கும் பழைய கோயிலின் தலையில்தான் விளக்கு ஏற்றினார்களாம். டிக்கெட் கொடுத்தவர் சொன்ன இந்தக் கதையை அப்பா குனிந்து அவளுக்குத் திரும்பவும் சொன்னார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

பாறையில் செருப்பில்லாமல் எல்லோருக்கும் முன்னால் ஓடி ஏறினேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினால், அத்தனை பேரும் அவள் கால் வைக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோபுரத்துக்குள் படிகள் குறுகலாகச் சுற்றிச் சுற்றிப் போயின. வெளிச்சம் குறைவு. முதல் திருப்பத்திலேயே அவள் நின்று சுவரைத் தடவினாள். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டார். என்னை அவர் கடைசியாக எப்போது தூக்கினார் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவர் சட்டைக் காலரைப் பிடித்திருந்த அவளுடைய விரல்களை முறைத்துக்கொண்டே பின்னால் ஏறினேன்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. அப்பா அவளைக் கம்பியோரம் நிறுத்தி, பின்னாலிருந்து அணைத்துக்கொண்டார்.

"இன்னா தெரியுது சொல்லு கண்ணு."

"தண்ணி. நெறைய தண்ணி, பெரியப்பா."

"அப்புறம்?"

கொஞ்ச நேரம் யோசித்து, "படகு" என்றாள். அப்பா அவள் தலையில் முத்தம் கொடுத்தார். சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு படகுக்கு இத்தனை கொண்டாட்டமா? நான் கத்த ஆரம்பித்தேன். தூரத்தில் போகிற படகின் சிவப்புக் கொடி, அதில் வலை இழுக்கிறவரின் தலைத்துண்டு, சவுக்குத் தோப்பு, கீழே பாறையிடுக்கில் மேய்கிற ஆடும் அதன் குட்டியும். ஒன்றையும் விடவில்லை.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுதே, சும்மா இரு" என்றார் அப்பா.

கீழே இறங்கியதும் அவள் என் காதோரம் வந்தாள். "அக்கா, அந்தப் படகு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"நீதானடி பாத்தே?"

"பெரியப்பா கேட்டுக்கினே இருந்தாரு. அதான் சொன்னேன்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம் ஓடினேன். "அவ பொய் சொல்லிட்டாம்மா. படகு எதையும் அவ பாக்கவே இல்ல." அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். சரி, அம்மாவும் அவள் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது வேனில் அவளாகவே ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். "நீ பாத்துச் சொல்லுக்கா" என்றாள். கடைசியில் தோற்றதை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு ஒரே குஷி. செங்கல் சூளை, கரும்பு லாரி, ஏரிக்கரையில் நாரை, கல்யாண மண்டபத்துச் சீரியல் விளக்கு என்று வந்தவாசி தாண்டியும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் பார்வை குறைந்துகொண்டே போகும், காட்ட நினைப்பதைச் சீக்கிரம் காட்டிவிடுங்கள் என்று கண் டாக்டர் சொல்லியிருந்ததை அம்மா என்னிடம் சொன்னது நான் எட்டாவது படிக்கும்போதுதான்.

அன்று வேன் போளூரைத் தாண்டியது. இருட்டிக்கொண்டு வந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, முன்சீட்டிலிருந்த அப்பா திரும்பாமலே, "இன்னும் சொல்லும்மா" என்றார்.

அப்பா என் பேச்சைத்தான் ரசிக்கிறார் என்று நினைத்து, இன்னும் உரக்கச் சொன்னேன்.