வெள்ளிக்கிழமை மாற்றிப் போட்ட ஃபைல்

வேலையை நாளைக்கு என்று விட்டுவைக்க மேகலாவுக்குத் தெரியாது. பள்ளிகொண்டாவிலிருந்து தினமும் வேனில் வந்து, ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தோல் குடோன் கணக்கைப் பார்ப்பவள். அன்றன்று வந்த தோலை அன்றே கம்ப்யூட்டரில் ஏற்றாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்தச் சுறுசுறுப்புதான் வினையாகப் போயிற்று.

குடோன், குவாலிட்டி, பேக்கிங் மூன்றுக்கும் தனித்தனி புரோகிராம். ஆனால் மூன்றும் எழுதுவது ஒரே ஃபைலில். ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் பொறுக்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை பேக்கிங் ஃபைஸான் பாதி எண்ட்ரியை அப்படியே விட்டுவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டான். ஃபைல் பூட்டியிருக்கிறது என்றே மேகலாவின் கம்ப்யூட்டர் சொல்லிக்கொண்டிருந்தது. பொறுப்பாளா இவள்? ஃபைலைத் தன் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து, அதில் தன் கணக்கையெல்லாம் ஏற்றினாள். சாயங்காலம் எல்லாரும் மூடிவிட்டுக் கிளம்பியதும் பழைய ஃபைலை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இதைப் போட்டாள். நிம்மதியாக வேன் ஏறினாள்.

திங்கட்கிழமை ஒரே ரகளை. சாயம் கையில் ஒட்டுகிற கறுப்புத் தோல் ஒரு லாட் முழுவதையும் கட்டிங்கில் வெட்டித் தள்ளிவிட்டார்கள். அதற்கு ஹோல்ட் போட்டு நிறுத்த வேண்டியவள் குவாலிட்டி உமைமா. கம்ப்யூட்டரில் ஹோல்ட் இல்லை. இன்றோடு சரி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மேனேஜர் அவளிடம் சொல்லிவிட்டார்.

மேகலாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உமைமா மறக்கிற ஆளா?

"வெள்ளிக்கிழம நீ ஹோல்ட் போட்டியா, இல்லியா?"

"மத்தியானத்துக்கு மேல போட்ட மாதிரிதான் இருக்கு. ஆனா அதுல இல்லியே மேகலா. காலைல அடுப்ப அணைச்சனான்னுகூட இப்ப டவுட்டா இருக்கு. தப்பு என்னுதுதான்னு சார்கிட்ட சொல்லிட்டேன்."

அந்த நேரம் பார்த்து ஃபைஸான் வந்தான். "அக்கா, நான் தொழுதுட்டு வந்து முடிச்ச எண்ட்ரியும் காணோம். இன்னா பேஜார்னே புரில."

அவனுடையதும் இல்லை, உமைமாவுடையதும் இல்லை. மேகலாவுடையது மட்டும் ஒன்றுவிடாமல் இருந்தது. அதெப்படி? குழம்பிப்போய், புரோகிராம் எழுதிக் கொடுத்த பாகாயம் ஜெயசீலனுக்குப் போன் போட்டாள்.

"யாராச்சும் ஃபைல காப்பி பண்ணி மாத்திப் போட்டீங்களா மேடம்?"

"நான்தான் போட்டேன். அதே ஃபைல்தானே சார்?"

"நீங்க காப்பி எடுத்தப்புறம் மத்தவங்க எழுதினது உங்க காப்பில எப்படி இருக்கும்? நீங்க போட்டதும் அதெல்லாம் போச்சு. பூட்டியிருந்தா, தொறந்து வச்சவர முடிக்கச் சொல்லணும். ஃபைல தொடவே கூடாது."

மேகலா போனை வைத்தாள். உமைமாவைக் கையோடு இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் மேகலாவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். உமைமா வேலையில் இருக்கட்டும் என்றார். உமைமாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. மேகலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் மறக்கலியா?"

"மறக்கல உமைமா. நீ போட்ட. நான்தான் அழிச்சிட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தாள் மேகலா. உமைமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தபா சொல்லு" என்றாள்.