இன்ஸ்பெக்டருக்குக் கிடைத்த மரியாதை

இன்று எங்கள் பள்ளிக்குத் தஞ்சாவூர்க்கார இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்றாம் வகுப்பு வள்ளியம்மாளை வாசிக்கச் சொன்னார்.

என் வகுப்புப் பிள்ளை. எதையும் ராகம் போட்டு இழுக்கிற பெண். "ஊட்டுல பேசற மாதிரி படி கண்ணு" என்று ஒரு மாதமாகச் சொல்லி வருகிறேன். அவள் தடுமாறினால் ரிப்போர்ட்டில் என் தலைதான் உருளும்.

புத்தகத்தில் இருந்தது: "மாடு வந்தது. புல் தின்றது."

தங்குதடையின்றி வாசித்தாள்: "மாடு வந்துச்சுங்க. புல்லுத் தின்னுச்சுங்க."

"புத்தகத்தில் அப்படியா இருக்கிறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லீங்க. பெரியவங்ககிட்ட மொட்டையாச் சொல்லக் கூடாதுங்களே! மரியாதைய நானே சேத்துப்போட்டனுங்க."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு 'வாசிப்பு சரளம்' என்று எழுதினார். புறப்படும்போது அவளைப் பார்த்து, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே "வாரேனுங்க" என்றார்.

வாத்தியார் நண்பர்களே, இன்று பாடம் நடத்தியது யார்? நான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.