கில்பர்ட் நிரப்பித் தந்த தோட்டா

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டில் நிரப்பிய தோட்டாவை இன்னொருவர் சுடமாட்டார். வெடிமருந்து ஒரு சிட்டிகை கூடிவிட்டால் துப்பாக்கி கன்னத்தோரமே வெடித்துவிடும். அண்ணன் நிரப்பியதைத் தம்பி தொடமாட்டான். லெஸ்டர் சில்வேராவும் அப்படித்தான், ஒரே ஓர் ஆளைத் தவிர. அந்த ஆள் அவருடைய பால்ய சிநேகிதன் கில்பர்ட் மாத்தோஸ்.

லெஸ்டர் பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஹாலிஸ்டர் ஊருக்குத் தெற்கே எங்கள் துப்பாக்கிக் கடையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. காட்டுப்பன்றி சுட்டால் தலையைச் சுவரில் மாட்டும் ஆளில்லை. பூண்டும் சிவப்பு மிளகாயும் போட்டு ஊறவைத்து, குடலில் அடைத்து, புகைபோட்டு லிங்குயீசா என்கிற சாசேஜ் செய்வார். அதில் பாதி மகள் கோலீன் வீட்டுக்குப் போகும்.

ஈயக் குண்டால் வேட்டையாடக் கூடாது என்ற சட்டம் வந்தபோது கில்பர்ட்டோடு சேர்ந்து அவரும் திட்டினார். சுட்ட பன்றியின் ஈயம் கலந்த குடலைத் தின்று கழுகு செத்தால் நமக்கென்ன என்று கேட்டவர்தான். போன குளிர்காலத்தில் கோலீன், குழந்தைக்குத் தயாராகிறோம், இனி ஈயம் பட்ட கறி வேண்டாம் என்றாள். அடுத்த வாரமே நான்கு வகை செம்புக் குண்டு வாங்கினார். தண்ணீர் கேன்களை வரிசையாக வைத்து, பக்கத்திலும் தூரத்திலும் நின்று சுட்டுப் பார்த்தார். செம்பு வேகமாகப் போனால்தான் விரியும். நூற்றைம்பது கிரெய்ன் எடையுள்ள குண்டு தூரத்தில் விரியாமலே துளைத்துக்கொண்டு போயிற்று. நூற்று முப்பது நான்கு இதழாக விரிந்தது. அதைக் கொண்டுவந்து என் கல்லாமேல் வைத்துவிட்டு, கில்பர்ட்டை இதையே நிரப்பச் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

பத்து மாதத்தில் பதினொரு பன்றி. ஒன்றுகூட ஓடவில்லை, எல்லாமே நின்ற இடத்திலேயே விழுந்தன. லெஸ்டர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் செம்பின் பெருமை பேசினார். அவர் பேச்சைக் கேட்டுப் பத்தொன்பது பேர் என்னிடம் செம்பு வாங்கினார்கள். காபிக்கடையில் அவருக்குச் செம்புப் பாதிரி என்று பெயர் வைத்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

பன்னிரண்டாவது பன்றியில் குண்டு வெளியே போகாமல் மறுபக்கத் தோலடியில் தங்கிவிட்டது. கத்தியால் எடுத்தார். இதழ் இல்லை. கிழிந்த செம்புத் தோலுக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ நசுங்கிக் கிடந்தது. கறி சுற்றும் வெள்ளைத் தாளில் அதைத் தேய்த்தார். பென்சில் போலக் கோடு விழுந்தது. ஈயம்தான் அப்படிக் கோடு போடும்.

அந்தச் சனிக்கிழமை கடை திறக்கும்போதே வந்து நின்றார். கில்பர்ட் என்ன வாங்கினான் என்று கேட்டார். கணினியைப் பார்த்துச் சொன்னேன்: ஜனவரியில் செம்பு ஒரு பெட்டி. அதற்குப் பிறகு ஈயம் வைத்தது நான்கு பெட்டி, அதே எடை, மூக்கில் அதே நிறப் பிளாஸ்டிக் முனை. செம்புக் குண்டின் இடுப்பில் இருக்கும் வரிகள் தோட்டாவின் பித்தளை உறைக்குள் போய்விடும். நிரப்பிய பிறகு வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. வேட்டைக்கில்லை, அட்டைக் குறி பார்த்துச் சுடத்தான் என்று கில்பர்ட் சொல்லியிருந்தான். நான் நம்பவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கில்பர்ட் வருவான் என்பது அவருக்குத் தெரியும்.

கில்பர்ட் வந்ததும் லெஸ்டர் அந்த நசுங்கிய குண்டைக் கல்லாமேல் வைத்தார்.

"இது என்னடா?"

"பன்னியச் சாய்ச்ச குண்டு. வேற என்ன?"

"எத்தனை நாளா?"

கில்பர்ட் தொப்பியைக் கழற்றினான். "பிப்ரவரில இருந்து. உனக்கு நிரப்புன செம்ப மொதல்ல நானே எடுத்துட்டுப் போயி ஒண்ணச் சுட்டேன் லெஸ். ஓடிருச்சு. மூணு மணி நேரம் முள்ளுக்குள்ள தேடியும் கிடைக்கல. அந்த முட்டிய வச்சுக்கிட்டு நீ தேடுவியா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா வேணாம்னுருவே. நீ சந்தோஷமா இருந்தே. ஊருக்கே பிரசங்கம் பண்ணிட்டிருந்தே."

"வேற யாருக்குத் தெரியும்?"

கில்பர்ட் அலமாரியைப் பார்த்தான். "காபிக்கடைல ரெண்டு மூணு பேருக்கு."

லெஸ்டர் தன்னைப் பாதிரி என்று கூப்பிட்டவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்திருப்பார்.

"கோலீன் அஞ்சு மாசம்டா. அவ தட்டுல வச்சது என் கை."

"நம்ம அம்மாங்க எல்லாம் தின்னதுதானே. நாம நல்லாத்தானே இருக்கோம்?"

"நாம நல்லாவாடா இருக்கோம்?" என்றார் லெஸ்டர்.

கில்பர்ட் வாங்க வந்ததை வாங்காமலே போனான்.

அன்று மாலையே மகளிடம் போய்ச் சொன்னார். அவள் கத்தவில்லை. எத்தனை பொட்டலம், எந்த மாதத்திலிருந்து என்று மட்டும் கேட்டாளாம். ரத்தப் பரிசோதனையில் ஈயத்தின் அளவு கொஞ்சம்தான், பயப்பட வேண்டாம் என்றார்கள். கில்பர்ட் அதைக் கேள்விப்பட்டு, பார்த்தாயா என்று ஓர் ஆளிடம் சொல்லியனுப்பினான். அடுத்த வார ஞாயிறு அப்பா வீட்டு விருந்துக்கு வந்த கோலீன், தனக்கு மட்டும் ஒரு பாத்திரத்தில் கோழி கொண்டுவந்திருந்தாள். அப்பா சமைத்ததை அவள் தொடவில்லை.

மறுநாள் கடைக்கு வந்து, அந்தப் பத்தொன்பது பேரையும் போனில் கூப்பிடச் சொன்னார். நான் எண்ணைப் போட்டுக் கொடுக்க அவர் பேசினார். "நான் சொன்ன பதினோரு பன்னியும் ஈயத்துல விழுந்தது. எனக்கே தெரியாது. ஆனா சொன்னது நான்தான்." ஒருவர் சிரித்தார். ஒருவர் வைத்துவிட்டார். ஒருவர், எனக்குச் செம்பு நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆறு பன்றி விழுந்துவிட்டது என்று கணக்குச் சொன்னார். லெஸ்டர் முழுதும் கேட்டு நன்றி சொன்னார்.

பிறகு கம்பெனியிலேயே நிரப்பி வந்த செம்புத் தோட்டா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு தனியாகப் போனார். சுட்ட பன்றி ஓடியது. கில்பர்ட் சொன்னது அவ்வளவும் பொய்யில்லை. எண்பது கஜம் முட்புதருக்குள் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே, பாதித் தூரம் தவழ்ந்து போய்க் கண்டுபிடித்தார்.

அந்தக் கறியில் செய்ததைக் கோலீன் வீட்டுக்கு எடுத்துப் போனார். வாசலிலேயே கேட்டிருக்கிறாள்: "யார் நிரப்பின தோட்டாப்பா?"

தோட்டாப் பெட்டியை எடுத்துக் காட்டினார். அவள் வாங்கி எல்லாப் பக்கமும் திருப்பிப் படித்தாள்.

"இது அவருக்கு இருக்கட்டும்" என்று கணவன் இருந்த பக்கம் கை காட்டினாள். "எனக்குக் கொழந்த பொறக்கட்டும், பாக்கலாம்."

லெஸ்டர் சரி என்றாராம்.