கடிகாரம் ஏன் வேகமாக ஓடியது

பாடகன் நாவல் எழுதியிருக்கிறானாம். சலவை இயந்திர உதிரிபாகக் கடைக்காரர்தான் சொன்னார். அவரும் படிக்கவில்லை; அவருடைய மருமகன் படித்தானாம்.

"உங்க பழைய ராக் குழுவோட கதையாம், மெக்கானிக். டிரம்ஸ் அடிக்கிறவன்தான் எல்லாத்தையும் கெடுத்துக் குட்டிச்சுவராக்குறானாம். அது நீங்க இல்லையே?"

சலவை இயந்திரம் பழுது பார்க்கும் மெக்கானிக்குக் காது மடல் கொதித்தது. வேறு யார்? குழுவில் மொத்தமே மூன்று பேர். பேஸ் கிட்டாரோடு பாடியவன் ஒருவன், லீட் கிட்டார் மச்சான் (இன்றைக்கு மனைவியின் அண்ணன்), டிரம்ஸ் இவர். கார் பழுது பார்க்கும் கொட்டகையில் ஷட்டரை இறக்கிவிட்டு வாசித்தவர்கள், நாலே வருஷத்தில் ஆயிரம் பேர் அரங்கை நிறைத்தார்கள். எத்தனை முறை அடித்தாலும் இம்மியும் வேகம் மாறாது என்று இவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர் வைத்தவரே மச்சான்தான். தன் தங்கையை இவருக்குக் கட்டிக்கொடுத்ததும் அந்த நம்பிக்கையில்தான்.

புத்தகத்தை வாங்கி, தன் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார். கடைசிக் கச்சேரி. முன்வரிசையில் இசை நிறுவனத்து ஆட்கள். டிரம்ஸ்காரனுக்குப் பயத்தில் கை உதறுகிறது. தாளம் தறிகெட்டு ஓடுகிறது. கிட்டார்காரனின் விரல்கள் பின்தங்கித் தடுமாற, கூட்டம் ஊளையிடுகிறது.

தாளம் ஓடியது உண்மை. பயம் என்பது பச்சைப் பொய்.

அன்று மேடை ஏறுமுன் பாடகன்தான் இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "தொண்டை போச்சுடா. இழுத்துப் பாட முடியாது. வேகமா அடிச்சு என்னைக் காப்பாத்து. யார்கிட்டயும் மூச்சு விடாதே." இவரும் விடவில்லை. கச்சேரி முடிந்ததும் மச்சான் கிட்டார் கேபிளை இவர் முகத்தில் விட்டெறிந்தபோதும் விடவில்லை. அப்போது பாடகன் என்ன செய்தான்? குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான், அயோக்கியன்! அதோடு குழு உடைந்தது. பதினெட்டு வருஷமாக மச்சான் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் அறைந்தார். மனைவி நின்றபடியே அந்தப் பக்கங்களைப் படித்தாள். இவர் நடந்ததைக் கொட்டினார்.

"கேட்டியா? வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கு எனக்குக் கிடைச்ச மரியாதை! இப்பவே அவனைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கப் போறேன்."

"அவன் கிடக்கான். நீங்க ஏன் என்கிட்ட சொல்லலை?"

"வாக்குக் கொடுத்திட்டேனே."

"அவனுக்குக் கொடுத்த வாக்கு பெரிசு. நான் எங்க அண்ணன் முகத்தைப் பார்க்காம இருந்தது சின்ன விஷயம். அப்படித்தானே?" அவள் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எங்க அண்ணன் உறவே ஒருத்தன் தொண்டைவலிக்கு மருந்தாப் போச்சு. நல்லா இருக்கு உங்க நட்பு!"

அவருக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை.

"கோபத்தை அவன்கிட்ட காட்டி என்ன ஆகப்போகுது? எங்க அண்ணனைக் கூப்பிடுங்க. இந்தப் புத்தகம் அவர் கைக்குப் போறதுக்குள்ள நீங்க சொல்லணும். நான் சொல்லமாட்டேன். மூடின வாயை நீங்களே திறங்க."

மச்சானின் எண் போனில் இருந்தது. ஒருமுறைகூட அழுத்தியதில்லை. இப்போது அழுத்தி, போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். மறுமுனையில் மணி அடித்தது. அவருடைய விரல்கள் தாமாகவே மேசையைத் தட்ட ஆரம்பித்தன.

"வேகமாத் தட்டுறீங்க," என்றாள் மனைவி.

விரல்களை மடக்கிக்கொண்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.