மஃப்ளர் விரித்த கூடு

பெங்களூரில் என் முதல் தை மாதத்தில், துணி காயப்போடும்போது தலையில் பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஈரத்துணி தோளில், பக்கெட் தலையில். ஊரில் இருப்பவர்களே, சிரிக்காதீர்கள். என் மாடி அறையை ஒட்டி நின்ற சில்வர் ஓக் மரத்தில் ஒரு பருந்து ஜோடி கூடு கட்டியிருந்தது. என் தலை தெரிந்தாலே பெண் பருந்து பாய்ந்து வரும்.

அதற்கு முந்தைய மாதம்தான் என் பச்சை மஃப்ளர் காணாமல் போயிருந்தது. குழந்தை பிறந்த கையோடு இந்த வேலை கிடைத்து, அதன் முகத்தைச் சரியாகப் பார்க்கும் முன்பே பஸ் ஏறியவன் நான். சிதம்பரத்தில் தாய்வீட்டில் இருந்த மனைவி செல்வி, காது அடைத்துக்கொள்ளும் என்று வாங்கி அனுப்பிய மஃப்ளர் அது. கொடியில் போட்டதைக் காணோம். வீட்டுக்கார அம்மா கங்கம்மாவிடம் அரைகுறைக் கன்னடத்தில் விசாரித்தேன். நான் கேட்ட விதம் திருட்டுப் பட்டம் கட்டுவதுபோல் இருந்திருக்க வேண்டும். என்னைத் தரதரவென்று மாடிக்கு இழுத்துப் போனார்.

“அல்லி நோடப்பா! உன் மஃப்ளரு தொட்டிலாகிபிட்டிதே!”

அங்கே பார் என்று அவர் கை நீட்டிய கூட்டில், சுள்ளிகளுக்கு நடுவே பச்சைக் கம்பளி தெரிந்தது. ஆளை மரமேறச் சொல்லிக் கூட்டைக் கலைக்கட்டுமா என்று சைகையில் கேட்டார். “வேண்டாம்மா, குஞ்சு பொரிக்கட்டும்” என்றேன். ஒரு கூட்டில் குடும்பம் சேர்ந்திருப்பதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிறுதோறும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவேன். முதலில் மாமியார். “பச்சப்புள்ளைக்கு அந்தக் குளுரு ஆவாது மாப்ள. பங்குனி வரட்டும்.” பிறகு செல்வி, “சாப்டீங்களா?” என்று கேட்டுவிட்டு அழுவாள். சிதம்பரத்தில் பங்குனி என்றால் வெயிலைத் திட்ட ஆரம்பிக்கும் மாதம். இங்கே நான் அதற்காகத் தவம் கிடந்தேன்.

வேறு வேலை இல்லாததால் வேடிக்கை பார்த்தேன். விடிந்தும் விலகாத பனிக்குள் வாலாட்டிக்குருவி ஒன்று மாடிச்சுவரில் குடுகுடுவென்று ஓடும். தெருவெல்லாம் அவரைக்காய் வாசனை. இலை உதிர்த்த மரங்கள் திடீரென்று ஒரு காலையில் ரோஜா நிறத்தில் பூத்து நின்றன. இவ்வளவையும் தனியாகப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கம்பளியின் மேல் இரண்டு வெள்ளைப் பஞ்சுத்தலைகள் எழுந்த அன்று, ஞாயிறு வரை பொறுக்காமல் பூத்துக்கு ஓடினேன்.

“நம்ம பாப்பாவுக்கு முன்னாடி அதுங்களுக்குப் போத்தி விட்டுட்டீங்களா?” என்று செல்வி சிரித்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

நாளாக நாளாகப் பருந்தின் பாய்ச்சல் குறைந்தது. பிறகு பக்கெட் தேவைப்படவில்லை.

புங்கமரங்கள் பளபளவென்று துளிர்த்திருந்தபோது, யுகாதிக்கு முந்தின நாள், செல்வியும் மாமியாரும் குழந்தையோடு வந்து இறங்கினார்கள். பெட்டியைக்கூடத் திறக்க விடாமல் மாடிக்குக் கூட்டிப்போனேன். மகளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக் கூட்டைக் காட்டினேன். அவள் கூட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுது, உடம்பை வளைத்துப் பாட்டியிடம் தாவினாள்.

“புது முகம்ல, பழகிடும்” என்றாள் செல்வி.

வெறும் கையோடு நின்றேன். கிளையில் இருந்த பருந்து என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. தெரிந்த ஆள்தான் என்பதுபோல், என் கண்ணெதிரே குஞ்சுகளுக்கு இரையூட்ட ஆரம்பித்தது.