சீட்டில் விழாத தெரு

அவளைக் கேள்விக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஏழைக் குடும்பங்கள் எதனால் முன்னுக்கு வருகின்றன என்று ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ச்சி செய்தது. அதற்காக வீடு வீடாக ஏறி இறங்கிக் கேள்வி கேட்பது அவள் பிழைப்பு. சில தெருப் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தார்கள்; சில தெருக்களுக்கு ஒன்றுமில்லை. இரண்டையும் ஒப்பிட்டால்தான் மெஷினால் பலன் உண்டா என்று தெரியுமாம். எந்தத் தெருவுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். அவளுடைய அக்காவின் தெரு, ஒன்றுமில்லாத பக்கம் விழுந்தது.

அக்கா புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்தான். மூன்று பிள்ளைகள். கூடப்பிறந்தவள் என்பதை ஆபீசில் மறைத்துவிட்டு, போன வாரம் எத்தனை வேளை அடுப்பு எரியவில்லை என்று அந்த வீட்டிலும் போய்க் கேட்டாள்.

அக்கா சிரித்தாள். “நேத்து நீ குடுத்த அரிசியைத்தான் வடிச்சேன். அதைச் சாப்பிட்ட கணக்குல எழுதுவியா, பட்டினிக் கணக்குல எழுதுவியா?”

அவள் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த கேள்விக்குப் போனாள்.

அக்காவுக்கு அவள் அரிசி கொடுத்த விஷயம் மேற்பார்வையாளர் காதுக்கு எட்டியது. கெட்ட மனிதர் அல்ல. கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஒப்பிட வைத்திருக்கும் வீட்டுக்கு ஆய்வுக்காரியே படியளந்தால் முடிவு கெட்டுப்போகும், இனியும் நடந்தால் அவளை வைத்துக்கொள்ள முடியாது என்றார். வெட்கத்தை விட்டு, அக்காவுக்கும் ஒரு மெஷின் கிடைக்குமா என்று கேட்டாள்.

“ஆய்வு முடிஞ்சதும் எல்லாத் தெருவுக்கும் தருவோம்மா.”

“அதுவரைக்கும் புள்ளைங்க வயிறு பொறுக்குமா சார்?”

அவர் பதிவேட்டைப் புரட்டினார். அந்தத் தெருவை மட்டும் வேறொருத்திக்கு மாற்றிக் கொடுத்தார்.

உதவினால் வேலை போகும்; வேலை போனால் உதவக் கையில் ஒன்றும் மிஞ்சாது. இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தவளுக்கு அக்காவே வழி சொன்னாள்: “நீ இந்தப் பக்கம் வராத. உனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு.” கேள்விக்காரி போகவில்லை. போகாமல் இருந்ததை நினைத்துத் தன்னையே சபித்துக்கொண்டாள்.

ஒருநாள், அந்தத் தெருவைப் பார்க்கும் பெண் பேச்சோடு பேச்சாக, அந்த வீட்டில் இப்போது இரண்டு பிள்ளைகள்தான் என்றாள். மூத்தவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, பக்கத்து நகரத்தில் வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம். கேள்விக்காரி அவளிடமே விலாசம் கேட்டு வாங்கினாள்.

மறுநாளே பஸ் ஏறினாள். ஒரு பெரிய வீட்டின் பின்வாசலில் அக்கா மகள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது.

“நான் வரல சித்தி. இங்க சோறு போடுறாங்க. நான் வந்தா தம்பிங்க பங்குதான் குறையும்.”

கேள்விக்காரி கெஞ்சினாள், அதட்டினாள், அழுதும் பார்த்தாள். பெண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பஸ் எங்கே நிற்கும் என்று பக்குவமாக வழி சொன்னாள்.

இந்த வேலையே வேண்டாம் என்று வழியெல்லாம் புலம்பியவள், திங்கட்கிழமை மறுபடியும் வேலைக்குப் போனாள். அக்கா அதன்பிறகு அவள் போனை எடுக்கவேயில்லை.

ஆய்வு முடிந்து, அக்காவின் தெருவிலும் வண்டி வந்து மெஷின்களை இறக்கியது. அக்கா வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். கடைசிக் கணக்கெடுப்பு முடிந்த மறுவாரமே வாடகை கட்டமுடியாமல் காலி செய்துவிட்டார்கள், எங்கே போனார்களோ தெரியாது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கேள்விக்காரி அந்தப் பெரிய வீட்டுக்கு ஓடினாள். பெண்ணைத் தாய் வந்து கூட்டிப்போய்விட்டாள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

இன்னமும் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.